தோல்வியில் தொடங்கினாலும்



கிரிக்கெட் பந்தயத்தைப் பற்றிப் பங்குக் குரு ஒருவர் எழுதலாமோ என்று உங்களுள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. 2025-ஆம் ஆண்டின் தவக்காலத்தில் நம் பங்கின் வாலிபர்கள் எதைக் குறித்து மிகுதியாக மனம் கலங்கினார்கள் என்று எவரேனும் நம்மைக் கேட்டால், உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்: சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைக் குறித்துத்தான். அந்தக் கலக்கத்தில் நாமும் பங்கு கொண்டோம். அதோடு நில்லாமல், ஒரு பையனுக்குத் தவறான ஆறுதல் ஒன்றையும் வழங்கிவிட்டோம். அந்தத் தவறுதான் நம்மை இங்கே எழுதத் தூண்டியது.

நாம் பணியாற்றும் பனமரத்துப்பட்டி வட்டாரம், சேலத்துக்குத் தெற்கே ஜருகுமலையின் அடிவாரத்தில் விரிந்து கிடக்கிறது. எங்கு நோக்கினும் அரளித் தோட்டங்கள். விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் மொட்டுப் பறிப்பார்கள். பறித்த பூ சேலம் சந்தைக்குப் புறப்பட்டுவிடும். ஆண்களுள் பலர் லாரி ஓட்டுநர்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் லாரித் தொழிலோடு உறவில்லாத தெரு ஒன்றைக் காண்பது அரிது. வாரக் கணக்கில் வடநாட்டுச் சாலைகளில் கிடக்கும் தந்தைக்கும், வீட்டிலிருக்கும் மகனுக்கும் தொலைபேசியில் பேசிக்கொள்ள என்ன இருக்கும்? 'சாப்பிட்டாயா? படித்தாயா?' என்ற இரண்டு கேள்விகளுக்குப் பின் மௌனம் வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். பல வீடுகளில் அந்த மௌனத்தைக் கலைப்பது கிரிக்கெட். "எத்தனை ரன்? யார் அவுட்?" என்று ஓட்டுநர் கேட்பார், மகன் உற்சாகமாகச் சொல்வான். பந்தயத்தைப் பற்றிய பேச்சு என்று நாம் எண்ணுவது, உண்மையில் தந்தை மகன் பேச்சு.

நாம் சொல்லப்போகும் பையன் அத்தகைய ஒரு வீட்டைச் சேர்ந்தவன். பதினைந்து வயது, பீடச் சிறுவன், பத்தாம் வகுப்பு மாணவன். வீட்டில் தாயும், அரளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும். கணக்குப் பாடம் அவனுக்கு எட்டிக்காய். அரையாண்டுத் தேர்வில் அவன் கணக்கில் பெற்ற மதிப்பெண் இருபதைத் தாண்டவில்லை.

அந்த ஆண்டு சென்னை அணி நன்றாகவே தொடங்கியது. மார்ச் 23-ஆம் நாள் சேப்பாக்கத்தில் மும்பை அணியை 4 விக்கெட்டுகளால் வென்றது. பின்னர் வந்தது மார்ச் 28, வெள்ளிக்கிழமை. அன்று காலை பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு தொடங்கியது. மாலையில் நம் கோவிலில் சிலுவைப்பாதை. இரவில் பெங்களூரு அணியோடு ஆட்டம். 2008-ஆம் ஆண்டுக்குப் பின் சேப்பாக்கத்தில் சென்னையை வெல்ல முடியாதிருந்த பெங்களூரு அணி, அன்றிரவு 50 ஓட்டங்களில் வென்றது. மார்ச் 30-இல் குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ஓட்டங்களில் தோல்வி. ஏப்ரல் 5-இல் சேப்பாக்கத்தில் டெல்லியிடம் 25 ஓட்டங்களில் தோல்வி. ஏப்ரல் 8-இல் முல்லன்பூரில் பஞ்சாபிடம் 18 ஓட்டங்களில் தோல்வி. இதற்கிடையே அணித்தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு முறிவால் விலக நேர்ந்து, தலைமைப் பொறுப்பு மீண்டும் தோனியின் தோள்மேல் வந்து அமர்ந்தது.

ஏப்ரல் 11, மீண்டும் ஒரு வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்ததும், கோவில் வாசலில் செருப்பைத் தேடுமுன் நம் வாலிபர்கள் கைபேசியைத் தேடினார்கள். அன்று கொல்கத்தா அணிக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் சென்னை எடுத்தது 9 விக்கெட்டுக்கு 103 ஓட்டங்கள். கொல்கத்தா பதினோராவது ஓவரின் முதல் பந்திலேயே ஆட்டத்தை முடித்துவிட்டது. தொடர்ச்சியாக ஐந்து தோல்விகள்! ஐந்து முறை கோப்பையை வென்ற அணி, அதற்குமுன் ஒரே பருவத்தில் ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றதில்லை.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து நாம் திருவுடையைக் களைந்துகொண்டிருக்கையில், அப்பையன் நகராமல் நின்றான். என்னவென்று கேட்டோம். வெகு நேரத் தயக்கத்துக்குப் பின் சொன்னான். பருவத் தொடக்கத்தில் அவன் தனக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தானாம். சென்னை அணி முதல் நான்கு இடங்களுள் வந்தால் தானும் கணக்கில் தேறிவிடுவான் என்பது அது. தந்தையிடமும் இதைச் சொல்லியிருந்தான். அவரும் வேடிக்கையாக, "ரெண்டு பேரும் சேர்ந்தே தேறுங்கடா" என்றாராம். கணக்குத் தேர்வை எழுதி முடித்துவிட்டான். சரியாக எழுதவில்லை என்று அவனுக்கே தெரியும். அணியும் தோற்றுக்கொண்டே போகிறது. முந்தின இரவு நாக்பூர்ப் பக்கத்திலிருந்து தந்தை அழைத்தபோது அவன் பேசியை எடுக்கவே இல்லை.

"அப்பாகிட்ட என்னன்னு சொல்றது, ஃபாதர்?"

இங்கேதான் நாம் தவறு செய்தோம். நமக்கு 2010-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டும் சென்னை அணி முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்றது. அவற்றுள் நான்கு தொடர் தோல்விகள். எல்லாரும் கைகழுவிவிட்ட நிலையில், மார்ச் 31-ஆம் நாள் பெங்களூரு அணியை வென்றது. அது பரிசுத்த வாரத்துப் புதன். ஏப்ரல் 3, பெரிய சனியன்று, முரளி விஜய் 127 ஓட்டங்கள் குவிக்க, 246 ஓட்டங்கள் எடுத்து ராஜஸ்தானை வென்றது. பின்னர் ஏப்ரல் 18-இல் தர்மசாலாவில், கடைசி ஓவருக்கு 16 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில் இரண்டு பந்துகள் மீதமிருக்கத் தோனி வெற்றி தேடித் தந்தார். ஏப்ரல் 25-இல் நவி மும்பையில் மும்பை அணியை 22 ஓட்டங்களில் வென்று முதன்முறையாகக் கோப்பையை ஏந்தியது.

இவற்றையெல்லாம் அப்பையனுக்கு விரிவாக எடுத்துரைத்தோம். உரைத்த மகிழ்ச்சியில் ஓரடி கூடுதலாகவும் போனோம். "நாளை குருத்து ஞாயிறு. பரிசுத்த வாரம் வருகிறது. 2010-இல் போலவே இப்போதும் எழுவார்கள், பார். நீயும் தேறுவாய். அப்பாவிடம் சொல்" என்றோம். அவன் முகம் மலர்ந்தது. நாமும் ஒரு நற்செயல் செய்துவிட்டதாக எண்ணிக் காலை உணவுக்குப் போனோம்.

நாம் சொன்னது முதலில் பலிப்பதுபோலவே இருந்தது. ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், பரிசுத்த வாரத்துத் திங்கள்: லக்னோவில் தோனி 11 பந்துகளில் 26 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நிற்க, சென்னை 5 விக்கெட்டுகளால் வென்றது. மறுநாள் பையன்கள் நம்மைத் தீர்க்கதரிசியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அடுத்த ஆட்டம் ஏப்ரல் 20-ஆம் நாள், மும்பையில். அதுவோ உயிர்ப்புப் பெருவிழா! இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? அன்று மாலை எட்டுப் பையன்களைப் பங்கு இல்லத்துக்கு அழைத்துத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தினோம்.

சென்னை 176 ஓட்டங்கள் எடுத்தது. மும்பை ஒரே ஒரு விக்கெட்டை இழந்து, பதினாறாவது ஓவரிலேயே அதைக் கடந்துவிட்டது. பையன்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, "வர்றோம், ஃபாதர்" என்று சொல்லிப் போனார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று பங்கு இல்லத்தில் அத்தனை அமைதி நிலவியதை நாம் அதற்குமுன் கண்டதில்லை. நம் பையன் மட்டும் வாசற்படியில் நின்று திரும்பினான். "அந்த ஆயுஷ் மாத்ரேவைப் பாத்தீங்களா, ஃபாதர்? இன்னைக்குத்தான் முதல் ஆட்டம். பதினஞ்சு பந்துல முப்பத்திரண்டு. பதினேழு வயசுதான். எனக்கு ரெண்டு வயசுதான் மூத்தவன்" என்றான். நாம் அதைக் கவனித்திருக்கவில்லை. நம் வாக்குப் பொய்த்த வருத்தத்தில் மூழ்கியிருந்தோம்.

மறுநாள் பிற்பகலில் திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்த செய்தி உரோமையிலிருந்து வந்தது. கிரிக்கெட்டெல்லாம் மறந்துபோயிற்று. ஆயினும், அந்நாள்களில் அவரது வாழ்க்கையை மீண்டும் வாசிக்கையில், ஒரு செய்தி நம்மைப் பிடித்து நிறுத்தியது. அவர் புவெனோஸ் அயர்ஸ் நகரத்துச் சான் லொரென்சோ கால்பந்து அணியின் வாழ்நாள் அன்பர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த அணி பிறந்ததே ஒரு குருவின் துணையால். தெருவில் பந்தாடிக்கொண்டிருந்த சிறுவர்களுக்குச் சலேசிய சபைக் குருவான லொரென்சோ மாசா தம் கோவில் வளாகத்தைத் திறந்துவிட்டார். 1908-இல் அணி உருவாயிற்று. 1946-ஆம் ஆண்டு அது நாட்டுச் சாம்பியன் ஆனபோது, சிறுவன் பெர்கோலியோவுக்கு ஒன்பது வயது. அந்த ஆண்டின் ஆட்டக்காரர் பெயர்களை முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

ஆனால் அந்த அணியின் கதை வெற்றிக் கதை மட்டுமன்று. 1979-இல் அது தன் பழம்பெரும் மைதானத்தை இழந்தது. 1981-இல் முதல் பிரிவிலிருந்தே கீழே தள்ளப்பட்டது. அர்ஜென்டினாவின் ஐந்து பெரிய அணிகளுள் அந்த அவமானத்தை முதலில் அடைந்தது அதுவே. அப்போது அன்பர்கள் கலைந்து போனார்களா? இல்லை. 1982-இல் இரண்டாம் பிரிவில் ஆடிய அணியைக் காண மைதானங்கள் நிரம்பி வழிந்தன. அந்த ஆண்டே அது மேலேறிவிட்டது. எனினும், தென்னமெரிக்க அணிகளுக்கான லிபர்டடோரஸ் கோப்பையை வெல்ல 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெர்கோலியோவோ 1990-இல் ஒரு நேர்ச்சை செய்து தொலைக்காட்சி பார்ப்பதையே விட்டுவிட்டவர். வத்திக்கானில் சுவிஸ் காவலர் ஒருவர் ஆட்ட முடிவுகளை அவருக்குத் தெரிவித்து வந்தாராம். ஆட்டத்தைக் காணாமலேயே அணியோடு நின்ற அன்பர் அவர். நாமோ ஒரு வாரத்துக்குள் கோப்பை வேண்டும் என்று நாள்காட்டியைக் காட்டிப் பையனுக்கு வாக்குக் கொடுத்தவர்!

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஏப்ரல் 30-இல் சேப்பாக்கத்தில் பஞ்சாபிடம் மீண்டும் தோற்று, அந்த ஆண்டு கோப்பைப் பந்தயத்திலிருந்து முதலில் வெளியேறிய அணி சென்னை என்றாயிற்று. 14 ஆட்டங்களில் வென்றவை நான்கு. பத்து அணிகளுள் பத்தாம் இடம். தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி. மே 16-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. நம் பையன் கணக்கில் தேறவில்லை.

இரண்டு நாள் கழித்து அவனே வந்தான். "நீங்க சொன்னது ரெண்டும் நடக்கலை, ஃபாதர்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். அவன் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் நம்மைச் சுட்டது. எதிர்நோக்கு என்ற பெயரில் நாம் அவனுக்குக் கொடுத்தது ஜோசியம். ஜோசியம் பொய்த்ததும், கையிலிருந்த சிறிது ஊக்கமும் அவனிடமிருந்து பறிபோயிற்று.

அவன் ஆயாவைக் காணத் தோட்டத்துக்குப் போனோம். மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தவரிடம் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்தார்.

"செடிகிட்டப் போயி, 'நீ பூத்துருவே, பூத்துருவே'ன்னு நான் சொல்றதில்லைங்க சாமி. தண்ணி கட்டுறேன், களை வெட்டுறேன். பூத்தா பறிப்பேன். பூக்கலைன்னாலும் நாளைக்குக் காலையில இங்கதான் வந்து நிப்பேன்" என்றார்.

ஆயுத பூசைக்கு ஏறும் பூவிலை அடுத்த வாரமே இறங்கிவிடுவதை ஆண்டாண்டாகக் கண்டவர் அவர். ஒரு நூற்றாண்டுக்கு முன் சேலம் நகரத்துக்கே குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரி வறண்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்ததையும் கண்ணால் கண்டவர். 'வரும்' என்று எவராலும் உறுதி கூற முடியாத மழைக்காக நிலத்தை உழுது வைத்திருக்கும் மக்களுக்கு எதிர்நோக்கைப் பற்றி நாம் கற்பிக்க என்ன இருக்கிறது? நாம்தான் அவர்களிடம் கற்க வேண்டும்.

அதன்பின் நாம் இதைக் குறித்து நெடுநாள் சிந்தித்தோம். மோசமான தொடக்கம் ஒரு பருவத்தின் முடிவைத் தீர்மானிக்கிறதா? சென்னை அணியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2010-இல் ஏழில் ஐந்து தோல்வி, முடிவு கோப்பை. 2022-இல் முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. முடிவு ஒன்பதாம் இடம். 2025-இல் முதல் ஆறில் ஐந்து தோல்வி. முடிவு கடைசி இடம். ஒரேவிதமான தொடக்கங்கள், மூன்று வேறு முடிவுகள். இன்னொன்றையும் பாருங்கள். 2022-இல் ஒன்பதாம் இடத்தில் நின்ற அதே அணி, அடுத்த ஆண்டு அகமதாபாத்தில், மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போன இறுதி ஆட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில், ஜடேஜா அடித்த ஓர் ஆறினாலும் ஒரு நான்கினாலும் கோப்பையை வென்றது. ஆகவே, மோசமான தொடக்கம் எதையும் முடித்து வைப்பதில்லை; எதையும் வாக்களிப்பதும் இல்லை.

அமெரிக்கர் ஆடும் பேஸ்பால் நம் கிரிக்கெட்டின் உறவினன். அதிலும் இத்தகைய கதைகள் உண்டு. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 19-ஐ மட்டுமே வென்றது, 31 தோல்விகள். அதே ஆண்டின் முடிவில் அது சாம்பியன் பட்டத்தையே வென்றது. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். அங்கே ஒரு பருவத்துக்கு ஓர் அணி ஆடுவது 162 ஆட்டங்கள். வழுக்கியவன் எழுந்து நிற்கக் காலம் உண்டு. இந்திய லீக்கில் ஆடுவதோ 14 ஆட்டங்கள். ஐந்து தோற்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எதிர்நோக்கு கணக்குத் தெரியாத குருடு ஆகக்கூடாது. நிலைமை மோசமானால் மோசம் என்று ஒப்புக்கொள்ள அது அஞ்சுவதில்லை. ஒப்புக்கொண்ட பின்னும் விலகிப் போகாமல், இன்று செய்யத்தக்கதைச் செய்கிறதே, அதுதான் எதிர்நோக்கு.

இதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. சின்னப்பம்பட்டி நடராஜனைச் சேலத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நெசவுக் கூலித் தொழிலாளியின் மகன். தெருக்களில் டென்னிஸ் பந்தால் ஆடி வளர்ந்தவர். 2015-இல் தமிழக அணிக்காக முதல் ரஞ்சிப் போட்டி ஆடியபோதே, அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற ஐயம் எழுந்தது. இதைவிட மோசமான தொடக்கம் ஒரு பந்து வீச்சாளருக்கு வேறில்லை. அவர் தம் கையசைவையே புதிதாகக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். 2020-இன் இறுதியில் இந்திய அணியின் ஆஸ்திரேலியப் பயணத்துக்கும், முதலில் வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தப் பயணத்தில் 2020 டிசம்பர் 19-ஆம் நாள் அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது. டெஸ்ட் பந்தயங்களில் இந்தியா எடுத்த மிகக் குறைந்த எண்ணிக்கை. தொடர் நான்குக்கு பூஜ்யம் என்று முடியும் எனப் பலர் எழுதிவைத்துவிட்டனர். ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயமுற்றனர். அதனால்தான் பிரிஸ்பேனில் நடராஜனுக்கு இடம் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். 1988-க்குப் பின் ஆஸ்திரேலியா தோல்வியே காணாத அம்மைதானத்தில், 2021 ஜனவரி 19-இல் இந்தியா வென்று தொடரையும் கைப்பற்றியது. 36-க்குச் சுருண்ட நாளிலிருந்து சரியாக ஒரு மாதம். அடிலெய்டு வீழ்ச்சியின்போது நடராஜன் அணியில் இல்லை. வெற்றி வருமா என்று கணித்துக்கொண்டும் இருந்திருக்க மாட்டார். பந்தை வலையில் வீசிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்தபோது ஆயத்தமாக இருந்தார்.

நம்முள் மூத்தவர்கள் ஞானோபதேசத்தில் 'விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்' என்று படித்தோம். இக்காலத்தில் அதே மூன்றையும் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறோம். 2025 யூபிலி ஆண்டின் கருப்பொருளும் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்பதே. அந்தச் சொல்லை ஆண்டு முழுவதும் பிரசங்கத்தில் பயன்படுத்திய நாம், அதன் பொருளை ஒரு கிரிக்கெட் பருவத்தில் தவறவிட்டோம். பரிசுத்த வாரம் நமக்குத் தரப்பட்டது எந்த அணியின் வெற்றிக்கும் முன்குறி பார்ப்பதற்காக அன்று. ஒரு பையனின் பரீட்சையையும், ஓர் அணியின் புள்ளிப் பட்டியலையும், ஆண்டவரின் உயிர்ப்பையும் ஒரே கயிற்றில் கட்டியது நம் அறிவீனம்.

ஆகவே, பெற்றோரே, வாலிபரே, உங்களுக்கு நாம் சொல்லத் துணிவது மிகச் சிறிது. உங்கள் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளிடம் 'கட்டாயம் வெல்வார்கள்' என்று சொல்லாதீர்கள்; 'இனி உருப்படமாட்டார்கள்' என்றும் சொல்லாதீர்கள். இரண்டும் நமக்குத் தெரியாதவை. தோற்றவர்களை வசைபாடாதீர்கள்; அவர்களுக்கும் தொலைபேசியின் மறுமுனையில் ஒரு தாய் உண்டு, தந்தை உண்டு. தோற்ற ஆட்டத்தையும் இறுதிவரை பாருங்கள். உயிர்ப்பு ஞாயிறு இரவில் நாம் கவனியாது விட்ட பதினேழு வயதுச் சிறுவர், மே 3-ஆம் நாள் பெங்களூருவில் 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் எடுத்தார். அன்றும் அணி இரண்டு ஓட்டங்களில் தோற்றதுதான். ஆனால் கடைசி இடத்தில் நின்ற ஒரு பருவத்துக்குள்ளே அப்படியொரு முளை இருந்தது. அதைக் கண்டவன் நம் பையன். தொலைக்காட்சியின் முன் முகம் வாடி உட்கார்ந்திருந்த நாம் அல்லோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைபேசியை எடுங்கள். வெற்றிச் செய்தி இருந்தால்தான் தந்தையோடு பேசலாம் என்று ஒரு மகன் எண்ணத் தொடங்கினால், அங்கே தோற்பது அணி மட்டும் அன்று.

அந்த மே மாதத்தில் நாம் ஒரு காரியம் செய்தோம். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற நமக்கு, பத்தாம் வகுப்புக் கணக்கு பாதி மறந்துபோயிருந்தது. பாடநூலை வாங்கி முதலில் நாம் படித்தோம். பிறகு ஒவ்வொரு மாலையும் பங்கு இல்லத்துத் திண்ணையில் நம் பையனோடும், அவனைப் போலவே தேறாதிருந்த மற்றொரு பையனோடும் உட்கார்ந்தோம். 'தேறுவாய்' என்று ஒரு நாளும் சொல்லவில்லை. 'நாளை வா' என்று மட்டும் சொன்னோம். ஆட்டத்தின் ரன் விகிதத்தைக் கொண்டே விகிதக் கணக்கைக் கற்பித்ததையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். ஜூலையில் நடந்த துணைத் தேர்வில் நம் பையன் 41 மதிப்பெண் பெற்றுத் தேறினான். மற்றவன் தேறவில்லை. அவன் இன்னும் திண்ணைக்கு வருகிறான். நாமும் இன்னும் உட்காருகிறோம்.

துணைத் தேர்வு முடிவு வந்த வாரம், தந்தை லாரியிலிருந்து இறங்கி வீடு வந்திருந்தார். ஞாயிறு திருப்பலிக்குப் பின் மூவரும் பங்கு இல்லத்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கே திரும்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அடுத்த வருசமாவது ஜெயிப்பாங்களா, ஃபாதர்?" என்று பையன் கேட்டான்.

தந்தையும் ஆவலோடு நம் முகத்தைப் பார்த்தார். 2010-ஆம் ஆண்டு நாவின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டோம்.

"தெரியாதப்பா. முதல் ஆட்டத்துக்கு வா, சேர்ந்து பார்ப்போம்" என்றோம்.